ஆலய விழாவுக்கு இசையமைத்த பதினேழு வயது இளைஞர்



விழா மலர் என்றால், ஆலயத்திற்கு நிலம் தந்தவர், கல் சுமந்தவர், மணி வாங்கித் தந்தவர், பீடம் அமைத்தவர் ஆகியோரின் பெயர்கள் அதில் இடம்பெறுவது முறை. ஆனால் அந்த ஆலயத்தில் ஒலித்த பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர் யார் என்று எந்த மலரிலும் எழுதக் காண்பது அரிது. கல்வெட்டு நிற்கும், பாட்டோ காற்றோடு போய்விடும். அதனால்தான் போலும், பாட்டுத் தந்தவனை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இக்குறையை ஓரளவேனும் நீக்கும் எண்ணத்துடன், தம் பங்கின் நூற்றாண்டு விழாவுக்காகப் பதினேழு வயதிலேயே திருப்பலி இசை அமைத்த ஒருவரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயர் பிரான்ஸ் ஷூபர்ட். இன்று உலகமெங்கும் அறியப்பட்ட பெயர். ஆனால் வாழ்ந்த நாளில் அவருக்கு நிலையான பதவி இல்லை. அரண்மனை ஆதரவு இல்லை. பெரிய அரங்கும் இல்லை. நண்பர்களின் வீட்டுக் கூடங்களிலும், சிற்றூர்களிலும், மடங்களிலும் தம் பாடல்களை இசைத்தே அவர் காலத்தைக் கழித்தார்.

பங்கின் பிள்ளை

ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் புறநகர் ஒன்றில், பல குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த ஒரு கட்டடத்தில், 1797-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் ஷூபர்ட் பிறந்தார். தந்தை ஒரு சிறு பள்ளியின் ஆசிரியர். தாய், திருமணத்திற்கு முன் பிறர் வீட்டில் வேலை செய்து பிழைத்தவர். அவ்வன்னை ஈன்ற பிள்ளைகள் பதினான்கு பேர். பிழைத்து வளர்ந்தவர்கள் ஐவர் மட்டுமே. பிறந்த மறுநாளே குழந்தைக்கு லிக்டன்டால் பங்கு ஆலயத்தில் ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. அது, ஆபத்தில் துணைநிற்கும் பதினான்கு புனிதர்களின் பெயரால் எழுந்த ஆலயம்.

தந்தை அவருக்கு வயலின் கற்பித்தார். மூத்த சகோதரர் இக்னாஸ் பியானோ கற்பித்தார். பங்கின் பாடகர் குழுத் தலைவரான மிக்கேல் ஹோல்சர், பாட்டும் ஆர்கனும் சொல்லிக்கொடுத்தார். எதைக் கற்பிக்க எண்ணினாலும் பிள்ளைக்கு அது முன்பே தெரிந்திருப்பதைக் கண்டு அந்த நல்ல மனிதர் வியந்துபோவாராம். மாலை வேளையில் தந்தையும் மூன்று மக்களும் வீட்டிலேயே கூடி வாசிப்பார்கள். தந்தை சுரம் தவறினால், இளையவரான பிரான்ஸ் முதலில் பேசாமல் இருப்பார். மறுபடியும் தவறினால், எங்கேயோ ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று புன்னகையோடு பணிவாகச் சொல்வாராம். பெரியவரைத் திருத்தும் முறையைக்கூட அக்குடும்பம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

1808-இல், பதினோரு வயதில், அரசவை ஆலயத்தின் பாடகர் சிறுவர்களுள் ஒருவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தங்குவதற்கு விடுதியும் உயர்ந்த கல்வியும் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் விடுதிச் சோறு அரை வயிற்றுக்குத்தான். ஒரு ரொட்டியும் சில ஆப்பிளும் வாங்கச் சில்லறை அனுப்பும்படி சகோதரருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற வேதவாக்கையும் அதில் நினைவூட்டியிருக்கிறார்! விடுதி வாழ்ந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள்; உடனே கண்ணும் கலங்குவார்கள். இசை எழுதத் தாள் வாங்கவும் அவரிடம் காசில்லை. வயதில் மூத்த மாணவரான ஸ்பௌன் என்பவர் தாள் வாங்கிக்கொடுத்தார். அந்த நட்பு கடைசிவரை நிலைத்தது.

நூற்றாண்டு விழா

1812-இல் தாய் இறந்தார். அதே ஆண்டில் குரலும் உடைந்தது. மறு ஆண்டு விடுதியை விட்டு வெளியேறி ஆசிரியப் பயிற்சி பெற்று, 1814-இல் தந்தையின் பள்ளியிலேயே உதவி ஆசிரியரானார்.

அந்த 1814-ஆம் ஆண்டுதான் லிக்டன்டால் பங்கு ஆலயத்தின் நூற்றாண்டு விழா. விழாத் திருப்பலிக்குப் புதிய இசை வேண்டும். புகழ்பெற்ற இசைமேதைகள் நிறைந்த நகரம் வியன்னா. ஆயினும் அந்தப் பங்கு, தன்னிடம் ஞானஸ்நானம் பெற்று, தன் பாடகர் மாடத்தில் நின்று வளர்ந்த பிள்ளையின் இசையையே ஏற்றது. மே மாதம் எழுதத் தொடங்கிய ஷூபர்ட், ஜூலை 22-ஆம் நாள் அதனை முடித்தார். விழாவன்று அவரே முன்நின்று இசையை நடத்தினார். பழைய ஆசான் ஹோல்சர் உடன்நின்றார். தெரேஸ் குரோப் என்னும் பங்கு இளம்பெண் உச்சக் குரலில் தனிப்பகுதிகளைப் பாடினார். பின்னர் வியன்னாவின் அகுஸ்தீனார் ஆலயத்திலும் அதே இசை ஒலித்தது. மகிழ்ச்சி தாளாத தந்தை மகனுக்கு ஒரு பியானோவைப் பரிசளித்தார் என்று சகோதரர் பெர்டினாண்ட் எழுதிவைத்துள்ளார்.

ஷூபர்ட்டின் பெரிய படைப்பொன்று பொதுமக்கள் முன் ஒலித்தது அதுவே முதல் முறை. உலகம் அவரை அறியுமுன் ஒரு பங்கு அவரை அறிந்திருந்தது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

வகுப்பறையும் பாட்டும்

விழா முடிந்த சில நாட்களில், அக்டோபர் 19 அன்று, ஜெர்மானியப் பெருங்கவிஞர் கோதேயின் கவிதை ஒன்றுக்கு அவர் இசையமைத்தார். இராட்டையின் முன் அமர்ந்து காதலனை நினைந்து ஏங்கும் பெண்ணின் பாட்டு அது. பியானோவில் இராட்டையின் சுழற்சி கேட்கும். நினைவின் வேகத்தில் அது தடுமாறி நிற்பதும், மீண்டும் தயங்கித் தயங்கிச் சுழல்வதும் கேட்கும். பியானோவை வெறும் பக்கவாத்தியமாக விடாமல், பாட்டின் பாதி உயிராக்கிய புதுமை இதுவே. அடுத்த ஆண்டாகிய 1815-இல் மட்டும் ஏறத்தாழ 140 பாடல்கள் பிறந்தன. அவற்றோடு ஒரு வாரத்திற்குள் எழுதி முடிக்கப்பட்ட இரண்டாம் திருப்பலி இசையும் சேர்ந்தது. பகலெல்லாம் சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த உதவி ஆசிரியரின் சாதனை இது!

ஆனால் பாட்டு சோறு போடவில்லை. தெரேஸை மணக்க அவர் விரும்பினார். குடும்பத்தைக் காப்பாற்றப் போதிய வருமானம் உண்டென்று அரசிடம் காட்டினால் மட்டுமே அவர் போன்றோர் மணமுடிக்கலாம் என்பது அந்நாட்டில் அப்போதிருந்த சட்டம். 1816-இல் லைபாக் நகரத்தில் ஓர் இசையாசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. கோதேயின் கவிதைகளுக்கு அமைத்த பாடல்களை நண்பர் ஸ்பௌன் அழகாகக் கட்டி அக்கவிஞருக்கே அனுப்பினார். ஒரு வார்த்தையும் இல்லாமல் கட்டு திரும்பி வந்தது. அதே ஆண்டு, ஒரு சட்டப் பேராசிரியரின் நாமவிழாவுக்காக மாணவர்கள் கேட்டுக்கொள்ள ஓர் இசைப் படைப்பை எழுதி, 100 குல்டன் பெற்றார். பாட்டமைத்து அவர் கையில் வாங்கிய முதல் ஊதியம் அது. பேராசிரியர் வீட்டுத் தோட்டத்தில் ஒலித்த அந்த இசை பின்னர் தொலைந்துபோயிற்று. தெரேஸ் 1820-இல் ஒரு ரொட்டிக் கடைக்காரரை மணந்தார். ஷூபர்ட் கடைசிவரை மணமுடிக்கவில்லை.

கூடங்களே அரங்குகள்

அக்காலம்வரை இசைஞர் என்றால் யாராவது ஓர் எசமானரைச் சார்ந்தே வாழ வேண்டும். ஹைடன் எஸ்தர்ஹாசி என்னும் பிரபுக் குடும்பத்தில் ஊழியம் செய்தார். பீத்தோவனுக்குப் பிரபுக்கள் ஆண்டுதோறும் உதவித்தொகை அளித்தார்கள். ஷூபர்ட்டோ பள்ளி வேலையை உதறிவிட்டு, எந்தப் பிடிமானமும் இல்லாமல் பாட்டை மட்டும் நம்பி வெளியேறினார். தந்தைக்கு இது பெரும் வருத்தம். ஆசிரியப் பணி என்பது மரியாதைக்குரிய, நிலையான பிழைப்பு அல்லவா? இன்று நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் அன்று அவ்வீட்டிலும் நடந்தது.

தங்குவதற்குச் சொந்தமாக இடமில்லை. ஒரு நண்பர் வீட்டில் சில மாதம், மற்றொருவர் வீட்டில் சில மாதம் என்று காலம் கழிந்தது. காலையில் எழுந்தவுடன் எழுத உட்கார்ந்தால் மதியம்வரை பேனாவைக் கீழே வைக்க மாட்டார். ஐந்தடிக்குச் சற்றே உயர்ந்த உருண்டை உருவம், கண்ணாடி, கூச்ச சுபாவம். நண்பர்கள் செல்லமாகக் காளான் என்று அழைப்பார்களாம்.

1817-இல் போகல் என்னும் அரசவை நாடகப் பாடகர் அறிமுகமானார். ஏறத்தாழ முப்பது வயது மூத்தவர், புகழ்பெற்றவர். தயக்கத்தோடு வந்து பாடிப் பார்த்தவர், அதன்பின் ஷூபர்ட்டின் பாடல்களைப் பாடுவதையே தம் பணியாக மேற்கொண்டார். 1821 முதல் நண்பர்கள் வீடுகளில் ஷூபர்ட்டின் பெயராலேயே இசை மாலைகள் நடக்கத் தொடங்கின. நுழைவுச் சீட்டு இல்லை, மேடை இல்லை. எழுத்தர்கள், மாணவர்கள், ஓவியர்கள், கவிஞர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆகியோர் கூடத்தில் நெருக்கி அமர்வார்கள். போகல் பாடுவார், ஷூபர்ட் பியானோ வாசிப்பார். 1826 டிசம்பர் 15 அன்று ஸ்பௌன் வீட்டில் போகல் ஏறக்குறைய 30 பாடல்களைப் பாடினார். பாட்டு முடிந்ததும் விருந்து, விருந்துக்குப்பின் நடனம். எல்லாரும் ஆடும்போது ஷூபர்ட் மட்டும் ஆடுவதில்லை. அவர்கள் ஆடுவதற்காக மணிக்கணக்கில் வாசித்துக்கொண்டிருப்பார்.

பதிப்பாளர்களோ அவரைச் சீண்டவில்லை. கோதேயின் மற்றொரு கவிதைக்கு அவர் அமைத்த ஏர்ல்கோனிக் என்ற பாடல், புயலிரவில் நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு குதிரையில் விரையும் தந்தையைப் பற்றியது. அதனை ஜெர்மனியிலுள்ள ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியபோது, அவர்கள் பெயரில் குழம்பி, டிரெஸ்டனில் இருந்த வேறொரு பிரான்ஸ் ஷூபர்ட்டுக்கு அதைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மனிதரோ, இப்படிப்பட்ட உதவாத படைப்பைத் தம் பெயரில் எழுதியவன் யார் என்று சினந்து கடிதம் எழுதினார்! கடைசியில் நண்பர்களே பணம் திரட்டி 1821-இல் அதை அச்சிடச் செய்தார்கள். அவ்வாண்டு விபூதிப் புதன் அன்று நடந்த ஓர் அறநிதி இசை நிகழ்ச்சியில் போகல் அதைப் பாட, மக்கள் மீண்டும் பாடச் சொல்லிக் கேட்டார்கள். அச்சான பாடல்கள் நன்றாகவே விற்றன. ஆனால் 1823-இல், கைக்கு உடனே பணம் வேண்டியிருந்ததால், அவற்றின் உரிமையை ஒரே தொகைக்கு அவர் விற்றுவிட்டார். பின்வந்த இலாபமெல்லாம் பதிப்பாளருக்கே சேர்ந்தது.

மாதாவின் பாடல்

1825-ஆம் ஆண்டுக் கோடையில் ஷூபர்ட்டும் போகலும் வடக்கு ஆஸ்திரியாவின் சிற்றூர்களில் பல மாதம் சுற்றினார்கள். ஸ்டெயர், லின்ஸ், கிமுண்டன் என ஒவ்வோர் ஊரிலும் யாராவது அன்பர் வீட்டில் தங்குவார்கள், மாலையில் பாடுவார்கள். புனித புளோரியான் மடத்திலும் கிரெம்ஸ்மூன்ஸ்டர் மடத்திலும் துறவியர் முன்னிலையில் இசைத்தார்கள். உணவும் உறைவிடமும் கேட்டவர்களின் அன்புமே கிடைத்த சன்மானம்.

அப்பயணத்தில் கேட்டவர்களையெல்லாம் உருக்கிய பாடல் ஒன்று உண்டு. அதுவே, நம் ஆலயத் திருமணங்களில் இன்றும் நாம் கேட்கும் ஷூபர்ட்டின் ஆவே மரியா. நம்மில் பலர் அது இலத்தீன் மங்கள வார்த்தை செபத்திற்காக அமைந்தது என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஸ்காட்லாந்துக் கவிஞர் வால்டர் ஸ்காட்டின் ஒரு காவியத்தில், தந்தையோடு குகையில் ஒளிந்திருக்கும் இளம்பெண் ஒருத்தி தேவதாயை அழைத்து மன்றாடுகிறாள். அம்மன்றாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கே ஷூபர்ட் இசையமைத்தார். இலத்தீன் செபத்தைப் பிறர் பின்னாளில் அம்மெட்டில் பொருத்தினார்கள்.

இப்பாடலில் இத்தனை பக்தி எப்படி வந்தது என்று பலர் வியந்தார்களாம். தாம் ஒருபோதும் பக்தியை வலிந்து வரவழைப்பதில்லை என்றும், அது தானாக வந்து தம்மை ஆட்கொள்ளும்போது மட்டுமே இத்தகைய பாடல்களை எழுதுவதாகவும் அவர் பெற்றோருக்கு எழுதினார். மேடைக்காகப் பக்தியைப் பூசிக்கொள்ளாத உள்ளம் அது.

நோயும் நிழலும்

ஷூபர்ட்டைப் புனிதராக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. இளமையின் தவறான வழியில் அவரைப் பற்றிய ஒரு கொடிய பாலியல் நோய் 1822-இன் இறுதியிலிருந்து அவரை வாட்டியது. தலைமுடி உதிர்ந்தது, மருத்துவமனையில் கிடந்தார். உலகிலேயே மிகவும் நிர்ப்பாக்கியன் தாமே என்று 1824-இல் ஒரு நண்பருக்கு எழுதும் அளவுக்கு மனம் சோர்ந்தார்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் அமைத்த ஆறு இலத்தீன் திருப்பலி இசைகளிலும், விசுவாசப் பிரமாணத்தில் ஏக, பரிசுத்த, கத்தோலிக்க, அப்போஸ்தலிக்க திருச்சபையை அறிக்கையிடும் வரி விடுபட்டிருக்கிறது. கண்டிப்பான தந்தையின் பக்தியோடு அவருக்கிருந்த மனத்தாங்கல் இதற்குக் காரணம் என்பார் உளர். அக்கால இசைஞர்களின் வழக்கமான கவனக்குறைவே என்பாரும் உளர். குரு என்ற முறையில் எனக்கு இது வருத்தம் தரும் செய்திதான். ஆயினும், அதே மனிதர்தான் எளிய மக்கள் தம் தாய்மொழியில் பாடுவதற்கென்று 1827-இல் ஜெர்மன் திருப்பலிப் பாடல்களுக்கு மெட்டமைத்தார். நியூமன் என்ற இயற்பியல் பேராசிரியர் எழுதிய அப்பாடல்களை வழிபாட்டில் பயன்படுத்த அப்போது அனுமதி கிடைக்கவில்லை. பின்னாளில் ஆஸ்திரிய, ஜெர்மானியப் பங்குகளில் அறியாதார் இல்லை என்னும் அளவுக்கு அவை பரவின. திருச்சபையின் பெயரை விட்டவர், திருச்சபையின் மக்களுக்கே பாட்டை விட்டுச் சென்றார்.

அதே 1827-இல் வில்ஹெல்ம் முல்லர் என்ற கவிஞரின் குளிர்காலப் பயணக் கவிதைகள் இருபத்துநான்குக்கும் இசையமைத்தார். அவற்றுள் கடைசிப் பாடல், ஊரின் ஓரத்தில் பனியில் வெறுங்காலோடு நின்று கைப்பெட்டியைச் சுழற்றி இசைக்கும் ஒரு கிழவனைப் பற்றியது. அவன் தட்டில் காசு விழுவதில்லை, யாரும் நின்று கேட்பதில்லை, நாய்கள் உறுமுகின்றன. அவனோ நிறுத்துவதில்லை. தெருவோரப் பாடகனின் வாழ்வை அறிந்த ஒருவரால்தான் இத்தனை சில சுரங்களில் இதைச் சொல்ல முடியும்.

ஒரே ஒரு பொது நிகழ்ச்சி

அரசவை ஆலயத்தின் துணை இசைத்தலைவர் பதவிக்கு 1826-இல் விண்ணப்பித்தார். அது வேறொருவருக்குப் போயிற்று. 1827 மார்ச் மாதம் பீத்தோவன் இறந்தபோது, அவர் இறுதி ஊர்வலத்தில் தீவட்டி ஏந்தி நடந்தவர்களுள் ஷூபர்ட்டும் ஒருவர். சரியாக ஓராண்டு கழித்து, 1828 மார்ச் 26 அன்று, தம் படைப்புகளை மட்டுமே கொண்ட பொது இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். நுழைவுக் கட்டணம் 3 குல்டன். அரங்கு நிறைந்தது, சுமார் 800 குல்டன் வசூலாயிற்று. ஆனால் மூன்று நாட்களில் பகனினி என்ற இத்தாலிய வயலின் மேதையின் முதல் நிகழ்ச்சி நடக்கவிருந்ததால், வியன்னாப் பத்திரிகைகள் ஷூபர்ட்டைக் கண்டுகொள்ளவில்லை. அதற்காக அவர் பொறாமைப்படவில்லை. கைக்கு வந்த காசில் சீட்டு வாங்கி, ஏழை நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு பகனினியைக் கேட்கப் போனார்! வாழ்நாளில் அவர் நடத்திய இத்தகைய நிகழ்ச்சி அது ஒன்றே.

அவ்வாண்டு செப்டம்பர் 2 அன்று, அல்சர் பங்கு ஆலயத்தில் வார்க்கப்பட்ட புதிய மணியின் மந்திரிப்புக்காக ஒரு பாடல் அமைத்துக்கொடுத்தார். முதலில் பங்கின் நூற்றாண்டு விழா. முடிவில் பங்கின் மணி! அக்டோபரில் ஹைடனின் கல்லறையைத் தரிசிக்க நடந்தே சென்றார். நவம்பர் தொடக்கத்தில், இசையில் தமக்கிருந்த குறையை நீக்கிக்கொள்ள ஓர் ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்து முதல் பாடமும் கேட்டார். இரண்டாம் பாடத்திற்குப் போகக் காய்ச்சல் இடம் தரவில்லை. 1828 நவம்பர் 19 அன்று, சகோதரர் பெர்டினாண்டின் வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. வயது 31.

அவர் விட்டுச் சென்ற உடைமைகளை அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். துணிமணி, படுக்கை எல்லாம் சேர்த்து 63 குல்டன். பழைய இசைத்தாள்கள் சில அதில் இருந்தன. அவற்றின் மதிப்பு 10 குல்டன். ஆனால் அவர் எழுதியவையோ அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்கள், திருப்பலிகள், சிம்பொனிகள். பெரும்பாலான தாள்கள் சகோதரர் வீட்டிலும் நண்பர்கள் வீடுகளிலும் முடங்கிக் கிடந்தன. பத்தாண்டுகளுக்குப் பின் ஷூமான் என்ற இசையறிஞர் பெர்டினாண்டின் வீட்டில் கண்டெடுத்த பெரிய சிம்பொனியை மெண்டல்சன் 1839-இல் லைப்சிக் நகரில் அரங்கேற்றினார். முற்றுப்பெறாத சிம்பொனி என்று பெயர்பெற்ற மற்றொன்று முதன்முதலாகக் கேட்கப்பட்டது 1865-இல்தான்.

நமக்கு என்ன?

பங்கு மக்களே, இவ்வரலாற்றைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஓர் இளைஞன் பள்ளி நோட்டில் எழுதிய பாட்டோடு மேடைக்கோவிலில் வந்து நின்றான். மெட்டும் தானே போட்டதாகச் சொன்னான். கொடியேற்றம், தேர், விருந்தினர் என்று ஆயிரம் வேலை எனக்கு. அடுத்த ஆண்டு பார்ப்போம் தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு நான் அங்கே இல்லை. அந்த மெட்டு எப்படி இருந்தது என்பதைக்கூட நான் கேட்கவில்லை. அது நல்ல பாட்டா, சாதாரணப் பாட்டா என்பது வேறு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். ஷூபர்ட்டின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்த நோட்டு என் கண்முன் வருகிறது.

எல்லாப் பிள்ளையும் ஷூபர்ட் ஆகிவிடுவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் ஹோல்சர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கலாம். தாள் வாங்கிக்கொடுக்கும் ஸ்பௌன்கள் இருக்கலாம். தம் கூடத்தைத் திறந்துவைத்து, நாற்காலியை நகர்த்திப்போட்டுக் கேட்கும் குடும்பங்கள் இருக்கலாம். லிக்டன்டால் பங்கு மக்கள் 1814-இல் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தங்கள் பிள்ளையைப் பாடச் சொன்னார்கள், அமர்ந்து கேட்டார்கள். அவ்வளவே.

ஆகவே, இவ்விழா நாட்களில் நம் பாடகர் குழுவில் யாரேனும் ஒரு புது மெட்டோடு வந்தால், தயங்காமல் மேடைக்கோவிலுக்கு வரச் சொல்லுங்கள். தேர் வேலை சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை. இம்முறை நான் கேட்பேன். பாடும் நாவையும் கேட்கும் செவியையும் நமக்குத் தந்த இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக!